பத்து காவானில் ஒரு பேராசிரியர்: ஐந்து ஆண்டு மக்களவை, பதினைந்து ஆண்டு மாநில அரசு

வாசகர் கேள்வி | 20 ஆகஸ்ட் 2023, இரவு 9.40

படித்தவர்கள் அரசியலுக்கு வரவேண்டும் என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். பேராசிரியர் இராமசாமி வந்தார். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் பதினைந்து ஆண்டு துணை முதல்வராக இருந்தார். இந்தச் சட்டமன்றத் தேர்தலில் இடமே கொடுக்கவில்லை, ஜனநாயகச் செயல் கட்சியை விட்டும் வெளியே வந்துவிட்டார். பல்கலைக்கழகத்திலேயே இருந்திருந்தால் இன்னும் நாலு நல்ல புத்தகமாவது எழுதியிருப்பார். படிப்பாளி அரசியலுக்குப் போவது சமுதாயத்துக்கு நட்டம்தான் என்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

20 ஆகஸ்ட், இரவு 11.15

மறுக்கிறேன். "பல்கலைக்கழகத்திலேயே இருந்திருந்தால்" என்ற இடத்திலேயே கேள்வி இடறுகிறது. 2005-இல் மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அரசியல் பொருளாதாரம் கற்பித்தவர், அரசை வெளிப்படையாக விமர்சித்தவர். தேர்தலில் நின்றது 2008-இல். நடுவில் மூன்று ஆண்டு இருக்கிறது. வகுப்பறையை உதறிவிட்டு மேடைக்கு ஓடினார் என்று நாம் பேசுவது, நடந்த வரிசையையே தலைகீழாக்கிவிடுகிறது.

மீதியை நாளை எழுதுகிறேன். காலையில் வேலை.

21 ஆகஸ்ட்

அவருடைய எழுத்தைத் தொடாமலேயே "பெரிய படிப்பாளி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதனால் முதலில் இது.

சித்தியவானில் 1949-இல் பிறந்தவர். அமெரிக்காவிலும் கனடாவிலும் படித்துவிட்டு மலாயாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடித்தார். தோட்டத் தொழிலாளர், தொழிற்சங்கம், முதலாளி, அரசு ஆகிய நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்த அவருடைய ஆங்கில நூலை 1994-இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்டது. நம் ஆட்கள் தோட்டத்தைப் பற்றிக் கதை எழுதியிருக்கிறார்கள், பாட்டுக் கட்டியிருக்கிறார்கள். சங்கம் ஏன் தொழிலாளிக்காக முழு மூச்சாகப் பேச முடியாமல் போனது, அரசு அதில் எங்கே நின்றது என்று ஆராய்ச்சியாக எழுதியவர்கள் சிலர்தான்.

எங்கள் வீட்டில் அதன் நகல் ஒன்று உண்டு. ஸ்பைரல் போட்டது, முன்அட்டை எப்போதோ கழன்றுவிட்டது. நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு விடுமுறைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா நிபோங் திபால் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். ஆங்கிலம் தெரியாது. "என்னாப்பா அது, அவ்ளோ நேரமா வாசிக்கிறே" என்று வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். சம்பளம் பற்றிய பகுதி வந்ததும் கண்ணைத் திறந்தார். மழை பிடித்தால், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்திலிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அன்றைக்குப் பேரு விழாது, கூலியும் கிடையாது, ரப்பர் விலை இறங்கிய மாதம் கையில் வாங்கியதை எண்ணவே மனசு வராது என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். அம்மா அடுப்படியிலிருந்து, "கடைக்காரன் புஸ்தகத்துல எழுதுனத யாரு எழுதுறது?" என்றாள். அப்பா திரும்பி என்னிடம், "இதெல்லாம் எழுதிப் புஸ்தகமா போட்டிருக்காங்களா? யாருய்யா இத வாசிக்கிறா?" என்று கேட்டார்.

யார் வாசிக்கிறார்கள் என்ற அந்தக் கேள்விதான் இந்த விவாதம் முழுக்க எனக்கு முன்னால் நிற்கிறது. 1994-இல் வாசித்தவர்கள் பேராசிரியர்கள், மாணவர்கள். வாசித்தாகவேண்டியவர்கள் சட்டம் போடுகிறவர்கள். அந்த அறைக்குள் அவரே போனார் என்பதால்தான் 2008 எனக்குப் பெரிய ஆண்டு.

24 ஆகஸ்ட்

2008 தெரியாத இளையவர்கள் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாக.

2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூரில் இந்து உரிமை இயக்கமான இண்ட்ராப்பின் பேரணி. மறு ஆண்டு மார்ச் 8-இல் பொதுத் தேர்தல். 222 இடங்களில் எதிர்க்கட்சிகளுக்கு 82. ஆளும் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையை இழந்தது. பினாங்கு ஆட்சி கைமாறியது. பேராசிரியர் ஒரே நாளில் இரண்டு இடத்தில் நின்றார்: பிறை சட்டமன்றம், பத்து காவான் நாடாளுமன்றம். இரண்டிலும் வென்றார்.

பத்து காவானில் அவரை எதிர்த்து நின்றவர் அதுவரை பதினெட்டு ஆண்டு முதல்வராக இருந்த கோ சு கூன். அவரும் கல்வியாளர்தான். பிரின்ஸ்டனில் இயற்பியல், சிகாகோவில் கல்வித் துறை முனைவர் பட்டம், பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி, 1982-இல் தஞ்சோங் நாடாளுமன்ற உறுப்பினர். ஆக, படிப்பாளிக்கும் படிக்காதவருக்கும் நடந்த போட்டி இல்லை அது. வாக்கு: 23,067க்கு 13,582. வித்தியாசம் 9,485.

அன்று இரவு பிறையில் ஒரு காப்பிக் கடையில் இருந்தேன். முடிவு வந்ததும் யாரும் உடனே கத்தவில்லை. உண்மைதானா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகுதான் மேசையைத் தட்டினார்கள்.

2 செப்டம்பர்

பினாங்கில் துணை முதல்வராக ஒரு தமிழர் வந்ததே சாதனை, அதற்கு மேல் என்ன பேச்சு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, அந்தப் பெருமை எனக்கும் உண்டு. அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். ஆனால் என் வருத்தம் அங்கேதான் தொடங்குகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையை எடுத்துப் பாருங்கள். தொழிலாளர், தொழிற்சங்கம், கல்வி, குடியுரிமை எல்லாம் கூட்டரசின், அதாவது மத்திய அரசின், பட்டியல். நிலமும் ஊராட்சியும் மாநிலப் பட்டியல். பேராசிரியர் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தது தோட்டக் கூலி, தொழிற்சங்கம், மூலதனம். மூன்றும் கூட்டரசு அமர்ந்திருக்கும் புத்ராஜெயாவின் அதிகாரம். தோட்ட வீடுகளின் தரத்துக்கே 1990-இல் வந்த கூட்டரசுச் சட்டம்தான் அடிப்படை. மாநிலத் துணை முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கூலியில் ஒரு காசைக்கூட அவரால் உயர்த்த முடியாது. அவருடைய படிப்புக்கு அதிகாரம் இருந்த ஒரே இடம் மக்களவை.

எந்த ஐந்து ஆண்டு அவர் அங்கே இருந்தார் என்று கவனியுங்கள். 2011-இல் தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் நிறைவேறியது. அதன் வழியாகத்தான் 2013 ஜனவரியில் தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட் என்று முதல் குறைந்தபட்சச் சம்பளம் வந்தது. அதே 2011 அக்டோபரில் வேலைச் சட்டத் திருத்தம் வந்தது. ஆள் பிடித்துக் கொடுக்கும் குத்தகையாளருக்குச் சட்டத்தில் இடம் கொடுத்த திருத்தம். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. கங்காணி முறையிலிருந்து குத்தகை முறை வரைக்கும் நூறு ஆண்டுக் கதையைத் தெரிந்த ஒருவர் உறுப்பினராக இருந்த அவையிலேயே இந்த இரண்டும் விவாதத்துக்கு வந்தன.

அந்த ஆண்டுகளில் அவருடைய தலையில் என்னென்ன இருந்தது? பத்து காவான் தொகுதி, பிறை தொகுதி, இரண்டாவது துணை முதல்வர் வேலை, இந்து அறப்பணி வாரியம், தமிழ்ப் பள்ளிகள், கோயில் நிலச் சிக்கல்கள். பிறையிலிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். மாநில ஆட்சிக்குழுக் கூட்டத்தை முடித்துவிட்டு எந்த நேரத்தில் மசோதாவைப் படிப்பது? இரண்டையும் ஒரே ஆள் மேல் ஏற்றியது தவறான ஏற்பாடு. 2013-இல் பத்து காவானில் கஸ்தூரி பட்டு நின்று வென்றார், பேராசிரியர் பிறையை மட்டும் வைத்துக்கொண்டார். எதை விட்டிருக்கவேண்டும் என்று என்னைக் கேட்டால், பிறையை விட்டிருக்கவேண்டும்.

3 செப்டம்பர்

"எதிர்க்கட்சி உறுப்பினர் நாடாளுமன்றத்தில் என்ன கிழிக்க முடியும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

எழுத்துபூர்வக் கேள்வி கேட்கலாம். அமைச்சு பதில் கொடுத்தாகவேண்டும். பதில் அவைப் பதிவில் ஏறும். எத்தனை தோட்டங்கள் கைமாறின, எத்தனை பேருக்கு வீடு கிடைத்தது, எந்தத் தமிழ்ப் பள்ளி யார் நிலத்தில் நிற்கிறது என்று ஆராய்ச்சியாளர் கடிதம் போட்டால் பல மாதம் காத்திருப்பார், பதில் வந்தாலும் வரும், வராமலும் போகும். உறுப்பினர் கேட்டால் அமைச்சின் பதிலாகவே வரும். புள்ளிவிவரத்தை எங்கே, எப்படிக் கேட்கவேண்டும் என்று தெரிந்த ஒருவருக்கு அந்த நாற்காலி எவ்வளவு பெரிய நூலகம்! அதைத்தான் நாம் இழந்தோம் என்கிறேன்.

17 செப்டம்பர்

கம்போங் புவா பாலாவைப் பற்றி ஏன் பேச்சே காணோம் என்று குளுகோர்க்காரர் ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். கோபம் நியாயம். இரண்டு வாரமாக அதைத் தள்ளிப்போட்டேன், எழுதக் கை வரவில்லை.

தெரியாதவர்களுக்கு: பினாங்குத் தீவின் குளுகோரில் தமிழர்கள் மாடு வளர்த்து வாழ்ந்த கிராமம். பழைய தோட்டத்தில் வேலை செய்தவர்களின் வாரிசுகள். பள்ளிக்கூட நண்பன் வீடு அங்கே இருந்ததால் பொங்கலுக்குப் போயிருக்கிறேன். தென்னை மரங்களுக்கு நடுவே மாட்டுக்கொட்டகை, கொம்புக்கு அடித்த வண்ணம் காயாமலே அலையும் கன்றுகள், தூரத்தில் அடுக்குமாடிகள். தீவின் நடுவே தோட்டத்து வாழ்க்கை அங்கே மட்டும் மிச்சமிருந்தது.

அந்த நிலத்தை அரசு ஊழியர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுக்க முடிவெடுத்தது முந்தைய மாநில அரசு. கூட்டரசு நீதிமன்றம் 2009-இல் குடியிருந்தவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வீடுகள் அந்த ஆண்டு செப்டம்பரில் இடிந்தன. அப்போது ஆட்சியில் இருந்தது 2008-இல் நாம் மேசையைத் தட்டிக் கொண்டாடிய அரசு. பேச்சுவார்த்தையில் முன்னால் நின்றது பேராசிரியர். மாற்றாக இரட்டை மாடி வீடு தருவதாக ஏற்பாடானது. ஏற்றுக்கொண்டவர்கள் உண்டு, கடைசிவரை மறுத்தவர்களும் உண்டு.

தோட்டம் கைமாறும்போது அங்கேயே பிறந்து வளர்ந்தவன் ஒரு நாளில் அத்துமீறிக் குடியேறியவன் ஆகிவிடுகிறான். இதை நாட்டிலேயே நன்றாகத் தெரிந்தவர்களில் ஒருவர் அந்த மேசையின் அரசுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரைத் துரோகி என்றவர்களோடு நான் சேரமாட்டேன். நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மாநில அரசின் கையில் என்ன மிச்சம் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். வெறும் கையோடு போயிருக்கவேண்டிய குடும்பங்களுக்கு வீடு கிடைத்தது. ஆனாலும் மாடு கட்ட இடமில்லாத இரட்டை மாடி வீட்டை மாட்டுக்காரருக்குக் கொடுத்து "இதுவே பெரிது" என்று சொல்வது, அந்தக் கிராமம் எதனால் கிராமமாக இருந்தது என்பதையே தொடவில்லை.

2 செப்டம்பரில் நான் எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். நிலம் மாநில அதிகாரம். அங்கே அவருக்கு உண்மையிலேயே அதிகாரம் இருந்தது. இருந்தும் முந்தைய அரசின் ஒரு கையெழுத்து அதைக் கட்டிப்போட்டுவிட்டது.

18 செப்டம்பர்

நிலத்தைப் பற்றி நேற்று எழுதியது பாதிதான். அதே மாநில அதிகாரம் பல இடத்தில் நல்லபடியாகவும் நடந்தது. பினாங்கில் 28 தமிழ்ப் பள்ளிகள். 2009-லிருந்து மாநில அரசு அவற்றுக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கியது. கல்வி கூட்டரசின் பொறுப்பு, மாநிலம் கொடுக்கவேண்டிய கட்டாயமே இல்லை. கொடுத்தார்கள். என் தங்கை பிள்ளைகள் படித்த பள்ளியில் கழிவறை புதிதானது அப்படித்தான். கழிவறைதானே என்று எண்ணவேண்டாம். மதியம் வரைக்கும் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவரும் பெண் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.

தமிழ் இடைநிலைப் பள்ளி யோசனையையும் அவர்தான் எழுப்பினார். அது புத்ராஜெயா வாசலைத் தாண்டவில்லை. மறுபடியும் அதே ஒன்பதாவது அட்டவணை.

1 அக்டோபர்

தொகுதி உறுப்பினரின் சேவை மையத்துக்கு ஒரு நாளாவது போயிருக்கிறீர்களா என்று கேட்ட தம்பிக்கு: போயிருக்கிறேன். அத்தையை அழைத்துக்கொண்டு. அவருக்குச் சிவப்பு அடையாள அட்டை, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி. இங்கேயே பிறந்தவர், தோட்டத்தில் பிறந்த அன்றைக்கு யாரும் பதியவில்லை. யார் மையம் என்று சொல்லமாட்டேன், எல்லா மையமும் அப்படித்தான் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலி வரிசை. எங்களுக்கு முன்னால் இருந்தவர் சாக்கடை அடைப்புக்காக வந்திருந்தார், அதற்கு முன்னால் இருந்தவர் மகனின் பள்ளி மாற்றத்துக்காக. அத்தை கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக மடித்து வைத்திருந்த தோட்டத்துக் கிராணியின் (எழுத்தரின்) பழைய கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். மடிப்பில் கிழிந்துபோய், டேப் ஒட்டி, டேப்பும் மஞ்சளாகிப்போன காகிதம். உதவியாளர் அதை இரண்டு கையாலும் வாங்கி நகல் எடுத்தார். பதிவுத் துறைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அந்தத் துறையும் கூட்டரசு. அங்கே இருந்தவர்களால் செய்ய முடிந்தது கடிதம் மட்டும்தான்.

ஒருவர் பேராசிரியராக இருந்தாலும் சரி, லாரி ஓட்டுநராக இருந்தாலும் சரி, தொகுதிக்கு வந்தால் இந்த வரிசைதான் காத்திருக்கும். இதைச் சின்ன வேலை என்று சொல்லவே மாட்டேன். அத்தைக்கு அந்தக் கடிதம் பெரிது. ஆனால் அத்தையைப் போன்ற ஆயிரமாயிரம் பேரின் பிறப்பு ஏன் பதியப்படாமல் போனது, அதை எப்படி ஒரே சட்டத்தில் தீர்ப்பது என்று யோசிக்க வேண்டியவரின் காலைநேரம், ஒவ்வொரு காகிதமாகக் கையெழுத்துப் போட்டே முடிந்துபோகிறது.

9 அக்டோபர்

மற்ற கல்வியாளர்களோடு ஒப்பிடச் சொல்லிப் பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப் படுகிறவர்களை மட்டும் சொல்கிறேன்.

சையது ஹுசின் அலி. மலாயாப் பல்கலைக்கழகச் சமூகவியலாளர். மலாய் கிராமத்து வறுமையை ஆராய்ந்தவர். 1974-இல் பாலிங் விவசாயிகளின் போராட்டத்தை ஒட்டி உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து ஆறு ஆண்டு உள்ளே வைத்தார்கள். வெளியே வந்தார், மறுபடி கற்பித்தார், கட்சித் தலைவரானார், 2009-இல் மேலவைக்குப் போனார். தொகுதி இல்லை, சாக்கடை வரிசை இல்லை. படிப்பாளிக்கு மேலவை பொருத்தமான இடம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். நம் சமுதாயத்திலிருந்து மேலவைக்குப் போனவர்கள் பெரும்பாலும் கட்சிக்காரர்கள்.

ஓங் கியான் மிங். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், தனியார் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர், 2013-இல் செர்டாங், 2018-இல் பாங்கி, துணையமைச்சர். 2022-இல் நிற்காமல் தனியார் பல்கலைக்கழகத்துக்கே திரும்பிவிட்டார். உள்ளே போய்த் திரும்பி வரவும் கதவு இருந்தது அவருக்கு. அரசுப் பல்கலைக்கழக ஆசிரியருக்கு அந்தக் கதவு அவ்வளவு எளிதில் திறக்காது. 1971-இல் வந்த பல்கலைக்கழகச் சட்டமும், பிறகு 2000-இல் வந்த ஒழுங்குச் சட்டமும் சேர்ந்து கட்சி அரசியலுக்குக் கட்டுப்பாடு வைத்தன. நம் பிள்ளைகளில் ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அரசுப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். தேர்தலில் தோற்றால் வீட்டுக் கடனை யார் கட்டுவது? அதனாலேயே வாயைத் திறப்பதில்லை.

தமிழ்நாட்டுப் பக்கம் பேராசிரியர் க. அன்பழகனைச் சொன்னவருக்கு நன்றி. பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர், 1967-இல் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவைக்குப் போனவர். அவருக்குப் பின்னால் ஓர் இயக்கமே இருந்தது. இங்கே நிலைமை வேறு.

28 நவம்பர்

"உரிமை" என்ற பேராசிரியரின் புதுக் கட்சி தொடக்கம். இழை மறுபடி சூடாகிவிட்டது. வசை எழுதியவற்றை நீக்கச் சொல்லியிருக்கிறேன்.

74 வயதில் புதுக் கட்சி எதற்கு என்கிறார்கள். வயது எனக்குப் பெரிய விஷயமில்லை. தேர்தலுக்குத் தேர்தல் ஆள் சேர்க்கும் அமைப்பாக அது போய்விட்டால் வருத்தப்படுவேன். அதனோடு ஓர் ஆய்வுப் பிரிவு வேண்டும். தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு என்ன வேலை செய்கிறார்கள், எந்தக் குத்தகையாளரிடம், என்ன சம்பளத்துக்கு? குறைந்தபட்சச் சம்பளம் பிறைத் தொழிற்பேட்டையில் உண்மையில் யார் கைக்குப் போகிறது? 1994 நூலின் அடுத்த பகுதி அதுதான். அதை எழுதும் தகுதி இன்னமும் அவருக்கு இருக்கிறது. மாணவர்களை வைத்துக்கொண்டாவது எழுதவேண்டும். எழுதினால் முதல் பிரதிக்குக் காசு கொடுக்க நான் தயார்.

முதல் கேள்வி கேட்ட ஐயாவுக்கும் இப்போது நேராகவே பதில் சொல்லிவிடலாம். படிப்பாளி அரசியலுக்குப் போனது நட்டம் இல்லை. போனவரை எந்த அவையில் உட்கார வைப்பது என்று நாமும் யோசிக்கவில்லை, கட்சியும் யோசிக்கவில்லை. துணை முதல்வர் என்ற பட்டத்தில் மயங்கி, மக்களவை நாற்காலியை நாம் பெரிதாக எண்ணவே இல்லை. 2013-இல் அவர் அதை விட்டபோது நம் நாளிதழ்களிலோ கோயில் கூட்டங்களிலோ ஒருவராவது "ஏன்?" என்று கேட்டதை நான் காணவில்லை.

10 டிசம்பர்

நாலைந்து பேர் தனிமடலில் கேட்டதால் பொதுவிலேயே எழுதுகிறேன். மக்களவைப் பதிவுகள், அதாவது ஹன்சார்ட், நாடாளுமன்ற இணையத்தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மலாயில்தான் இருக்கும். தேதி வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். உறுப்பினர் பெயரைத் தேடுவதைவிடத் தொகுதிப் பெயரைத் தேடுவது எளிது, அவையில் தொகுதியைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். 2008 முதல் 2013 வரை "பத்து காவான்" என்று எங்கெல்லாம் வருகிறதோ, அந்தப் பக்கங்களை எடுத்துத் தமிழில் சுருக்கி இந்த இழையிலேயே போடுவோம். தோட்டம், கூலி, பள்ளி, குடியுரிமை என்று தலைப்பு வாரியாக.

2011-ஐ நான் எடுத்துக்கொள்கிறேன், சம்பள மன்றச் சட்டமும் வேலைச் சட்டத் திருத்தமும் அதில் இருப்பதால். 2009-ஐக் குளுகோர்க்காரர் கேட்டிருக்கிறார், அவருக்கே. 2008, 2010, 2012 காலியாக இருக்கின்றன. மலாய் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆண்டைக் குறிப்பிட்டு எழுதவும்.